எல்லாம் ஒண்ணுதான் சார்!

டிஸ்கி: நான் பிளம்பர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. வெறும் பி.காம். போன ஏப்ரலில் மயிலாப்பூரில் பாட்டி வீட்டு பாத்ரூமில் ஒரு குழாய் இணைப்பு கழன்றுகொண்டதிலிருந்து இந்த விஷயத்தைத் தேவைக்கு மேலேயே படித்துத் தொலைத்துவிட்டேன். இனி நீங்கள்தான் பாவம்.

நடந்தது இதுதான். பாட்டி இருப்பது மூன்று மாடி ஃபிளாட்டில், மேல் மாடி. பன்னிரண்டு வீடு, மொட்டை மாடியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே டேங்க். பாத்ரூமில் கீஸரை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை. சுவருக்குள் ஓடுவது காம்போசிட் பைப். (நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளேயும் வெளியேயும் பாலித்தீன். வெட்டிப் பார்த்தால் சாண்ட்விச் மாதிரி இருக்கும்.) பிளம்பர் அண்ணன் வந்தார், பைப்பைப் பார்த்தார், "அரை இஞ்சு கம்ப்ரெஷன் எல்போ ரெண்டு வாங்கினு வா தம்பி" என்றார். போனேன். கடைக்காரர் ஒரு டப்பாவில் கைவிட்டு இரண்டு எல்போவை எடுத்து மேஜையில் வைத்தார். "எங்க பைப் வேற கம்பெனிங்க, இது செட் ஆகுமா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் மேலே தலைப்பாக இருக்கிறது.

செட் ஆகவில்லை. பைப்புக்குள் நுழைய வேண்டிய பித்தளை மூக்கு லொடலொடவென்று ஆடியது. அண்ணன் அசரவில்லை. மூக்கைச் சுற்றி டெஃப்லான் டேப், நட்டு ஏறும் மரையைச் சுற்றி இன்னும் டேப், பெரிய ஸ்பேனரைப் போட்டு உயிரைக் கொடுத்து ஒரு முறுக்கு. தண்ணீரைத் திறந்தோம். ஒரு சொட்டு இல்லை. "பாத்தியா?" என்றார். பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து, விடியற்காலை நான்கு மணிக்கு, பைப் எல்போவிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. மேலே போய் கேட் வால்வை மூடலாம் என்று ஓடினால் அது துருவேறித் திரும்ப மறுக்கிறது. டேங்கில் இருந்த பன்னிரண்டு வீட்டுத் தண்ணீரும் பாட்டியின் ஹாலில் நிறைந்து, இரண்டாம் மாடி மாமியின் ஃபால்ஸ் சீலிங்கைப் பெயர்த்துக்கொண்டு, மாடிப்படி வழியாகத் தெருவுக்குப் போனது. அசோசியேஷன் மீட்டிங் இரண்டு முறை நடந்தது. முதல் மீட்டிங்கில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு: "பிளம்பர் சரியா டேப் சுத்தலை."

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். டேப் குறைவாக இருந்ததால் அந்த இணைப்பு கழலவில்லை. அந்த இணைப்பில் டேப்புக்கு வேலையே கிடையாது. பொருந்தாத சாமானைப் பொருந்தியது மாதிரி மூன்று வாரம் காட்டியதுதான் டேப் செய்த ஒரே காரியம்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிப் பின்னால் போகலாம். நம் ஊர் பிளம்பிங் பழக்கங்கள் எல்லாம் ஜி.ஐ. பைப் காலத்தில் உருவானவை. இரும்புக் குழாயை அறுத்து, வைஸில் பிடித்து, டை போட்டு முனையில் மரை வெட்டுவார்கள். அந்த மரை லேசான கூம்பு வடிவம். உள்ளே போகப் போக இறுகும். ஆனால் எவ்வளவு இறுகினாலும் இரண்டு இரும்பு மரைகளுக்கு நடுவில் நூலிழை அளவு சந்து இருக்கும். அதை அடைக்கத்தான் சணல், அதன் மேல் வெள்ளை ஈயம். பிறகு சணல் இருந்த இடத்துக்கு டெஃப்லான் டேப் வந்தது. அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை, டேப் அதற்குத் துணை. நூற்றுக்கு நூறு சரியான வேலை. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பழைய வீடுகளில் பைப்பே துருப்பிடித்து உளுத்துப் போன பிறகும் அந்த மேஸ்திரிகள் போட்ட சணல் இணைப்பு ஒழுகாமல் நிற்பதைப் பார்க்கலாம். அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு அருகதை இல்லை.

கம்ப்ரெஷன் ஃபிட்டிங் முற்றிலும் வேறு ரகம். உடல், நட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோதிரம். அந்த மோதிரத்துக்கு ஃபெரூல் என்று பெயர். பார்க்க ஆலிவ் காய் மாதிரி இருப்பதால் வெள்ளைக்காரன் ஆலிவ் என்பான். (நம் ஊர்க் கடையில் ஃபெரூல் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தெருவில் மெயின் குழாயில் துளை போட்டு வீட்டு இணைப்புக்காக மாட்டும் சாமானுக்கும் அதே பெயர். "ரோடு கட்டுக்கு பர்மிஷன் வாங்கியாச்சா?" என்று கேட்பார்கள்.) நட்டை முறுக்கினால் அது மோதிரத்தைத் தள்ளுகிறது. மோதிரம் உடலின் சரிவான வாயில் போய் உட்கார்ந்து நசுங்கி, ஒரு பக்கம் பைப்பையும் மறுபக்கம் உடலையும் கவ்விக்கொள்கிறது. தண்ணீர் நிற்பது அந்தக் கவ்வலில். மரைக்கு வேலை தள்ளுவது மட்டும். தண்ணீர் மரை வரைக்கும் வந்துவிட்டது என்றாலே இணைப்பு தோற்றுவிட்டது என்று அர்த்தம். அங்கே டேப் சுற்றுவது, திருடன் பூஜையறை வரை வந்த பிறகு அதற்குப் பூட்டுப் போடுவது மாதிரி. காம்போசிட் பைப்பில் இன்னும் ஒரு படி: பைப்புக்குள் நுழையும் மூக்கில் ரப்பர் ஓ-ரிங் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அது. வெளியே இருக்கும் பிளவுபட்ட மோதிரம், பைப் உருவிக்கொண்டு போகாமல் பிடித்துக்கொள்கிறது.

நட்டு மரையில் தடிமனாக டேப் சுற்றினால் என்ன ஆகும்? மரை நெருக்கி, நட்டு கனமாகத் திரும்பும். கைக்கு "இறுகிவிட்டது" என்று தோன்றும். உள்ளே மோதிரம் இன்னும் பாதி வழியில் இருக்கும். மூக்கில் சுற்றினாலோ ஓ-ரிங்குக்கு உட்கார இடம் இருக்காது. இரண்டையும் ஒரே நாளில் பாட்டி வீட்டில் செய்துவிட்டோம்.

இது ஏதோ நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. இந்திய தர நிர்ணய அமைவனம் குழாய் மரைகளுக்கு இரண்டு தனித்தனித் தரங்கள் வைத்திருக்கிறது. ஐ.எஸ். 554, மரையிலேயே கசிவு அடைபட வேண்டிய இணைப்புகளுக்கு. ஐ.எஸ். 2643, மரையில் அடைப்பு நடக்காத இணைப்புகளுக்கு. வித்தியாசத்தைத் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் இரண்டுக்கும் ஒரே வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து இந்த "அரை இஞ்சு". எல்லாம் ஒண்ணுதான் என்ற பொய்யில் பாதி இந்தச் சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஸ்கேலில் அரை இஞ்சு என்பது 12.7 மில்லிமீட்டர். அரை இஞ்சு ஜி.ஐ. பைப்பின் வெளி விட்டத்தை அளந்தால் ஏறக்குறைய 21.3. அரை இஞ்சு சி.பி.வி.சி. (அந்த வெண்ணெய் நிறப் பைப்) வெளி விட்டம் 15.9. காம்போசிட்டில் அரை இஞ்சு என்று கொடுப்பது 1216, அதாவது உள்ளே 12, வெளியே 16. செம்புக் குழாய் என்றால் 15. பாலித்தீன் குழாய் என்றால் பெரும்பாலும் 20. ஒரே பெயர், ஐந்து அளவு! பாண்டி பஜாரில் "மீடியம்" என்று எழுதியிருக்கிறதே என்று சட்டையைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? அங்கே நான்கு கடை ஏறி இறங்குகிற நாம், வீட்டுக்குள் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீரைத் தாங்கி நிற்கப்போகிற சாமானை "அரை இஞ்சு கொடுங்க" என்று வாங்கி வருகிறோம்.

இதில் ரொம்ப மோசமான ஜோடி 15.9-ம் 16-ம். பத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே, போய்விடும் என்று தோன்றும். நட்டும் போய்விடும், மோதிரமும் ஏறிவிடும். அதுதான் ஆபத்து. 1216 பைப்புக்கான மூக்கு 12 மில்லிமீட்டர் ஓட்டைக்காகச் செய்தது. சி.பி.வி.சி.யின் உள் விட்டம் அதைவிடக் கொஞ்சம் பெரியது, 12.4 பக்கம். ஓ-ரிங் ஒழுங்காக அழுந்தாது. காம்போசிட்டுக்குள்ளேயும் கம்பெனிக்குக் கம்பெனி சுவர்த் தடிமன் மாறும். பாட்டி வீட்டில் நடந்தது அது. சி.பி.வி.சி.க்கு பித்தளை மோதிரக் கம்ப்ரெஷன் எதுவுமே வேண்டாம் என்பது என் கட்சி. அது விறைப்பான பிளாஸ்டிக், நசுக்கினால் பிடிக்காது. அதற்கு சொல்யூஷன் போட்டு ஒட்டுகிற முறை இருக்கிறது. டேப்போடும் கீஸரோடும் சேர வேண்டிய இடத்துக்கு, உள்ளே பித்தளை மரை பதித்த எஃப்.டி.ஏ., எம்.டி.ஏ. இருக்கிறது. முப்பது நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்க முழு பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.வை வாங்கி அதற்குள் பித்தளை மரையை முறுக்குகிறார்கள். அன்றைக்கு ஒழுகாது. சில மாதம் கழித்து மயிரிழை விரிசல் விடும்.

கடையில் அடுத்த டயலாக் தயாராக இருக்கும்: "இது ஹெவி பிரஷர் தாங்கும் சார்." எந்த பிரஷர்? சென்னையில் எத்தனை வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் நேராகக் குழாயில் பீறிட்டு வருகிறது? தெருவிலிருந்து சம்ப், சம்ப்பிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து மொட்டை மாடி டேங்க், அங்கிருந்து தானாக இறங்குகிற தண்ணீர். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம், அவ்வளவுதான். மூன்று மாடிக் கட்டடத்தில் தரைத்தள வீட்டுக்கு ஒன்றேகால் கிலோ வந்தால் அதிகம். பி.எஸ்.ஐ. கணக்கில் பதினேழு பதினெட்டு. சி.பி.வி.சி.யில் எஸ்.டி.ஆர். 11 ரகம் சாதாரண வெப்பத்தில் 400 பி.எஸ்.ஐ. தாங்கும். மேல் மாடியில் இருக்கும் பாட்டிக்கோ ஷவரில் தலை நனைவதே பெரிய விஷயம். பிரஷர் பம்ப் வைத்த புது அபார்ட்மென்ட்டுகளை விடுங்கள். மற்றபடி நம் வீட்டு இணைப்புகளைக் கொல்வது அழுத்தம் இல்லை. அளவு பொருந்தாமை, அளவுக்கு மீறிய முறுக்கு, அப்புறம் நம் தண்ணீர்.

தண்ணீருக்கு வருவோம். அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போர் தண்ணீரில் கை கழுவியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். நம் சம்ப்பில் கிடப்பதே ஒரு அவியல்: கொஞ்சம் மெட்ரோ, கொஞ்சம் போர், கோடையில் கொஞ்சம் லாரி. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். சாதாரணப் பித்தளை ஃபிட்டிங்கில் துத்தநாகம் நூற்றுக்கு நாற்பது வரை இருக்கும். குளோரைடு அதிகமான தண்ணீர், அதுவும் தேங்கி, மே மாதத்து டேங்கில் சூடாகிக் கிடக்கும் தண்ணீர், பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் மெதுவாகக் கரைத்துத் தின்னும். வெளியே வடிவம் அப்படியே இருக்கும். உள்ளே மிஞ்சுவது இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி பொலபொலவென்ற செம்பு. வெளியே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு நாள் ஸ்பேனரை வைத்ததும் பிஸ்கட் மாதிரி உடையும். "பழசு சார், அதான்" என்பார்கள்.

இதெல்லாம் கற்பனை பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990களின் நடுவிலிருந்து 2007 வரை ஐபெக்ஸ் என்ற நிறுவனம் கைடெக் என்ற பெயரில் காம்போசிட் பைப்பும் அதற்கான பித்தளை ஃபிட்டிங்குகளும் விற்றது. (அங்கே விற்ற சரக்கைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.) வீடு வீடாக ஒழுகியது. வழக்குகளில் முக்கியமான குற்றச்சாட்டு இந்தத் துத்தநாக அரிப்புதான். 2011-ல் 12.5 கோடி டாலர் சமரச நிதியில் முடிந்தது. அத்தனை பணமும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாமானில் சரியான பித்தளையைப் போடாததற்கு. இந்த அரிப்பைத் தாங்குவதற்கென்றே ஒரு பித்தளை ரகம் உண்டு. பிரிட்டன் பக்கத்துச் சாமான்களில் சி.ஆர். அல்லது டி.இசட்.ஆர். என்று பொறித்திருப்பார்கள். நம் கடைகளில் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு சார்" என்றுதான் வரும். கேட்பவர் இல்லாததால் வைப்பவரும் இல்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், சி.ஆர். பித்தளை பற்றிப் பேசும் உயரத்தில் நாம் இல்லவே இல்லை. நமக்கு விற்பதில் பாதி பித்தளையே கிடையாது என்பது என் சந்தேகம். கனெக்ஷன் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷ்பேசினுக்கு அடியில் ஆங்கிள் காக்கிலிருந்து மேலே போகும், எஃகுக் கம்பி பின்னிய அந்த ஒன்றரை அடி குழாய். இரு முனையிலும் பளபளவென்று நட்டு. குரோம் பூச்சுக்கு உள்ளே பித்தளையா துத்தநாகக் கலவையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காந்தமும் உதவாது, இரண்டிலும் ஒட்டாது. வீட்டுச் சாவியை எடுத்து நட்டின் உள்மரையில் ஓரமாக ஒரு கீறு கீறுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறம் என்றால் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

அந்த எஃகுப் பின்னலுக்கும் நம் வீடுகளில் ஒரு ஸ்பெஷல் எதிரி இருக்கிறது. ஆசிட். வெள்ளிக்கிழமை பாத்ரூம் தரையில் ஊற்றித் தேய்ப்பார்களே, அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் புகை பட்டாலே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புள்ளி புள்ளியாக அரிக்கும். 304 ரகமாகவே இருந்தாலும் அரிக்கும். பின்னல் அறுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பலூன் மாதிரி வெடிக்கும். பின்னலில் ஒரு கம்பி அறுந்து குத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அங்கேயும் டேப் வேண்டாம். நட்டுக்குள் இருக்கும் வாஷர்தான் தண்ணீரைத் தடுக்கிறது.

இப்போது யார் மீது குற்றம் என்ற இடத்துக்கு வருகிறேன். பிளம்பர் மீது பழி போடுவது சுலபம். அசோசியேஷன் அதைத்தான் செய்தது. ஆனால் அந்த அண்ணன் ஜி.ஐ. போட்டவரிடம் தொழில் கற்றவர். கையில் இருந்தது ஹாக்ஸா பிளேடும் ஸ்பேனரும். காம்போசிட் பைப்பை நேராக வெட்டும் கட்டர், வெட்டிய வாயின் பிசிறை எடுத்து வட்டமாக்கும் ரீமர், இரண்டும் அவரிடம் இல்லை. பிசிறை எடுக்காமல் மூக்கைச் செருகினால் ஓ-ரிங்கே சீவப்பட்டுவிடும். அந்தக் கருவிகளை வாங்கு என்று சொல்ல அவருக்கு யார் கூடுதலாக ஒரு நூறு ரூபாய் கொடுத்தோம்? பாட்டி கூலியில் ஐம்பது ரூபாய் பேரம் பேசினார், நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். கூலியை நாம் அமுக்கினால் அவர் கடைக் கமிஷனில் எடுப்பார். கமிஷன் அதிகம் கிடைப்பது எந்தச் சரக்கில்? எம்.ஆர்.பி.க்கும் கடை விலைக்கும் எட்டாத தூரம் இருக்கிற பெயர் தெரியாத சரக்கில். இதைப் புரிந்துகொள்ள பி.காம் கூட வேண்டாம், பிளஸ் டூ வணிகவியல் போதும்.

ஃபிளாட் விற்பவர்களின் பிரசுரத்தைப் பாருங்கள். டைல்ஸ் என்ன அளவு, கதவு என்ன மரம், பாத்ரூம் குழாய் எந்த பிராண்ட், எல்லாம் இருக்கும். சுவருக்குள் என்ன பைப், எந்தத் தரம், இணைப்பு எந்த ரகம் என்று ஒரு வரி தேடிப் பாருங்கள். வாங்குபவர்களும் கேட்பதில்லை. கிச்சன் டைல்ஸுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். (எங்கள் குடும்பம்தான்.) கம்ப்ரெஷன் இணைப்பைச் சுவருக்குள் புதைத்து மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். நட்டுப் போட்ட இணைப்பு எதுவாக இருந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மறுபடி இறுக்க வேண்டிவரும் என்பது இதன் அரிச்சுவடி. புதைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே ஒட்டுகிற பைப் போடுங்கள்.

"முப்பது வருஷமா டேப் சுத்தறோம், ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு கட்சி எப்போதும் இருக்கும். முப்பது வருடம் முன்னால் சுற்றியது இரும்பில். அதுவும் போக, ஒன்றும் ஆகவில்லை என்பது யார் கணக்கு? நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இருபது லிட்டர். ஒரு குடத்துக்கு மேல். 2019-ல் நான் பள்ளிக்கூடப் பையன். அந்த ஜூனில் ஏரிகள் வற்றி, தெருவில் லாரி வந்ததும் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடியது நினைவிருக்கிறது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. பூமாலை போட்டு வரவேற்றார்கள். அதே வாரம் எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு யூனியன் நட்டு சொட்டிக்கொண்டே இருந்தது. அடியில் ஒரு பக்கெட் வைத்தோம். பக்கெட் வைத்ததைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டோம்.

"நீ நாலு பக்கம் படிச்சிட்டு பிளம்பருக்கே பாடம் எடுப்பியா?" என்று அப்பா கேட்டார். எடுக்க மாட்டேன். முறுக்குவது அவர் வேலை, அவர் கைக்கு இருக்கும் பழக்கம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. வாங்குவது என் வேலை. சட்டைக்குக் கடை ஏறுகிற நாம் இதற்கும் நேரில் போக வேண்டும், போகும்போது பைப்பின் மூன்று இஞ்சுத் துண்டு ஒன்றைக் கையில் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. பைப்பின் மேலேயே கம்பெனி பெயர், அளவு, தர எண் எல்லாம் அச்சாகியிருக்கும். காம்போசிட் என்றால் ஐ.எஸ். 15450, சி.பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 15778. அதே கம்பெனி ஃபிட்டிங் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கடையிலேயே துண்டைச் செருகிப் பாருங்கள். மூக்கு கொஞ்சம் முரண்டு பிடித்து உள்ளே போக வேண்டும், ஆடக் கூடாது. ஓ-ரிங் இரண்டும் இருக்கிறதா, பைப் முனை வந்து முட்டும் இடத்தில் சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதா பாருங்கள். அலுமினியத் தகடு பித்தளையில் நேராகப் பட்டு அரிக்காமல் இருக்கத்தான் அந்த வளையம். பழைய ஃபிட்டிங்கைக் கழற்றி மறுபடி போடும்போது பழைய மோதிரத்தையே போட விடாதீர்கள், ஒருமுறை நசுங்கியது அடுத்த பைப்புக்கு ஆகாது. இறுக்குவது கையால் முடிந்த வரை, பிறகு ஸ்பேனரில் ஏறக்குறைய ஒரு சுற்று. கம்பெனித் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் கணக்கு. மார்க்கரில் நட்டின் மேலும் உடலின் மேலும் ஒரே கோடு போட்டுவிட்டு இறுக்கினால் எவ்வளவு திரும்பியது என்று தெரியும். மறுநாள் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு பால் வால்வு கட்டாயம் வையுங்கள். இரண்டாவது மீட்டிங்கில் அதற்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. மாமியின் சீலிங் செலவில் பாதி பாட்டி தலையில்.

போன வாரம் மறுபடி எல்போ வாங்க, இந்த முறை தி. நகர் பக்கம் வேறொரு கடைக்கு, பிளம்பர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் டப்பாவில் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பைப் துண்டைச் செருகினேன், ஆடியது. சாவியை எடுத்து உள்மரையில் கீறினேன், சாம்பல். அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "ஏம்பா, மொதல்லயே சொல்ல மாட்டியா?" என்று அண்ணனைக் கேட்டுவிட்டு, குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்தார். விலை நாற்பத்தைந்து ரூபாய் அதிகம்.